ஆய்வுகூடத்துக்குத் தர முறை: வன்னியில் எதை எடுப்பது, எதை விடுவது

நெடுங்கேணிப் பக்கத்துக் கிணறு ஒன்றின் தண்ணீரை ஓர் ஆய்வுகூடம் அளந்து, புளோரைட்டு லீற்றருக்கு 0.96 மில்லிகிராம் என்று அறிக்கை கொடுக்கிறது. அதே போத்தலில் மிச்சமிருந்ததை இன்னொரு கூடம் அளந்து 1.04 என்கிறது. குடிநீருக்கான இலங்கைக் கட்டளை எஸ்எல்எஸ் 614 இல் (2013) மேல் எல்லை 1.0. முதல் தாளின்படி அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், இரண்டாவதின்படி கூடாது. புளோரைட்டின் செறிவை மின்னழுத்தமாகக் காட்டும் புளோரைட்டு மின்வாயில் இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட தூரம் வெறும் இரண்டு மில்லிவோல்ற்று. ஒரு மில்லிவோல்ற்று பிசகினால் செறிவு ஏறக்குறைய 4 சதவீதம் பிசகும். அது மின்வாயின் இயல்பு, எவருடைய கவலையீனமும் இல்லை.

ஆய்வுகூடத் தரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் "நாங்களும் ஒரு ஐஎஸ்ஓ எடுத்தால் என்ன?" என்றுதான் தொடங்குகிறது, அதாவது சர்வதேச நியமங்களுக்கான அமைப்பின் (ஐஎஸ்ஓ) கட்டளை ஒன்றின்படி நடக்கிறோம் என்று சான்று எடுப்பது. கேட்கக்கூடிய கேள்விதான், ஆனால் பிந்திக் கேட்க வேண்டியது. அந்த 0.96 ஐ ஒருவர் நம்பாமல் வந்து நின்றால், எடுத்துக் காட்ட எங்கள் அலுமாரியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீழே வரும் நான்கு வழிகளையும் அதை வைத்தே எடைபோடுகிறோம்.

மனதில் வைத்திருக்கும் கூடம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் இயங்கும் பல்கலைக்கழகப் பீடங்களில் இருப்பதைப் போன்ற ஒரு தண்ணீர், மண் ஆய்வுகூடம். நிரந்தரமாக மூன்று நான்கு பேர், அதில் ஒருவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஆறு மாதம் நின்று திட்ட ஆய்வை முடித்துப் போகும் இறுதியாண்டு மாணவர்கள். பாதி வேலை ஆராய்ச்சி. மீதி, கமக்கார அமைப்போ பிரதேச செயலகமோ தொண்டு நிறுவனமோ கொண்டுவந்து தரும் மாதிரிகள். பெரிய மருந்துக் கம்பனிகளின் கூடங்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

ஐஎஸ்ஓ 9001: சீக்கிரம் முடிக்கலாம்

2015 பதிப்பு நடைமுறையில் உள்ளது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட முகாமைத்துவக் கட்டளை இது. சோப்புத் தொழிற்சாலைக்கும் பயணச்சீட்டு அலுவலகத்துக்கும் அதே வாசகங்கள்தான். கோப்பு ஒழுங்கு, முறைப்பாடு, கொள்வனவு எல்லாம் இதனால் சீராகும். ஆனால் ஒரு கூடம் புளோரைட்டைச் சரியாக அளக்கிறதா என்று 9001 கணக்காய்வாளர் கேட்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. பீட நிர்வாகம் முழுவதற்கும் யாராவது இதை எடுத்தால் கூடவே போகலாம். ஆய்வுகூடம் தனியாக இதற்குப் பணமும் நேரமும் செலவழிப்பது வீண் என்பதே எமது கருத்து.

ஜிஎல்பி: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

"நல்ல ஆய்வுகூட நடைமுறை" என்று தமிழாக்கினால் எல்லாக் கூடமும் செய்ய வேண்டிய ஒன்றுபோல் ஒலிக்கும். உண்மையில் அது குறிப்பிட்ட ஒரு நோவுக்கு வந்த மருந்து. 1970களில் அமெரிக்காவில், மருந்து, பீடைகொல்லி ஆகியவற்றின் நச்சுத்தன்மைப் பரிசோதனைகளில் இறந்த எலிகளைப் பற்றிய பதிவுகள்கூடப் பொய்யாக எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. அதன் பிறகு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1978 இல் விதிகளை இறுதி செய்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு (ஓஈசிடி) தன் கோட்பாடுகளை 1981 இல் வெளியிட்டு 1997 இல் திருத்தியது. பதிவுக்காக அரசிடம் சமர்ப்பிக்கும் பாதுகாப்புத் தரவுகளுக்கென்றே இவை எழுதப்பட்டன.

ஜிஎல்பி கேட்பது ஒன்றைத்தான்: பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து அந்த ஆய்வை ஆவணங்களிலிருந்தே மீளக் கட்டியெழுப்பக் கூடியதாக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வோர் ஆய்வுக்கும் பொறுப்பான ஒரே ஆய்வுப் பணிப்பாளர், தொடங்கு முன் திகதியிட்டுக் கையொப்பமிட்ட ஆய்வுத் திட்டம், அதிலிருந்து விலகினால் எழுத்தில் காரணம், மூலத் தரவு, பூட்டிய சுவடிக்கூடம், ஆய்வில் கைவைக்காத தனியான தர உறுதிப் பிரிவு என்று கேட்கிறது. நான்கு பேர் உள்ள கூடத்தில் "ஆய்வில் கைவைக்காத" ஆளுக்கு எங்கே போவது? முழு ஜிஎல்பி இங்கே முறிவது அந்த இடத்தில்தான். தவிர, அளவீட்டின் திருத்தத்தைப் பற்றி ஜிஎல்பி அதிகம் பேசாது. பிழையான எண்ணையும் மிக ஒழுங்காகப் பதிந்து வைக்க அது இடம் தரும்.

ஆனாலும் அதிலிருந்து இரண்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ஆய்வுத் திட்டம். மாணவர் முதல் மாதிரி எடுக்கு முன் இரண்டு பக்கத்தில் எழுதட்டும்: எத்தனை கிணறு, எந்த மாதம், எத்தனை மீள்மாதிரி, எந்தப் பெறுமானத்தை என்ன காரணத்துக்காக நீக்குவார். கடைசி விடயம்தான் முக்கியம். முடிவைப் பார்த்த பிறகு "இது ஒத்துவரவில்லை" என்று ஒரு புள்ளியை எறிவதற்கும், முன்பே எழுதிய விதிப்படி எறிவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மற்றது மூலத் தரவு. மில்லிவோல்ற்றுப் பெறுமானம் நேரே சீஆர் கொப்பியில் விழ வேண்டும். துண்டுத் தாளில் எழுதிப் பின்பு "வடிவாக" பிரதி செய்த கொப்பி மூலத் தரவு ஆகாது. பக்க இலக்கம் முன்கூட்டியே இட்டிருக்க வேண்டும், பேனையால் எழுத வேண்டும், பிழைத்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், திகதி, சுருக்கொப்பம். ரிப்பெக்ஸ் போத்தல் ஆய்வுகூட வாசலைத் தாண்டக் கூடாது. இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே தடுத்துவிட வேண்டும்: மூன்று வாசிப்பும் ஒத்துவரும் வரை அளந்துகொண்டே போய், ஒத்த மூன்றை மட்டும் எழுதுவது. ஐந்து தரம் அளந்தால் ஐந்தும் கொப்பியில் இருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ 17025: கனதியான வழி

இதுதான் ஆய்வுகூடங்களுக்கென்றே எழுதப்பட்டது. 1999 இல் வந்து, 2005 இல் திருத்தப்பட்டு, இப்போது 2017 பதிப்பு. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அங்கீகாரச் சபை இதற்கு மதிப்பீடு செய்கிறது. பலர் தவறவிடும் விடயம் ஒன்று உண்டு: அங்கீகாரம் கூடத்துக்குக் கிடைப்பதில்லை, பரிசோதனைக்குக் கிடைக்கிறது. "நிலத்தடி நீரில் புளோரைட்டு, அயன்தேர் மின்வாய் முறை, இத்தனையிலிருந்து இத்தனை மில்லிகிராம் வரை" என்று வரிவரியாகப் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் இல்லாத பரிசோதனையின் அறிக்கையில் சபையின் இலச்சினையைக் குத்த முடியாது.

தொடங்குகிறவர்கள் செய்யும் வழமையான பிழை, நூறு பக்கத் தரக் கையேடு எழுதுவதில் முதல் ஆறு மாதத்தைக் கரைப்பது. 2017 பதிப்பு அப்படியொரு கையேட்டைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. தேவையான கொள்கைகளும் செயல்முறைகளும் ஆவணமாக இருந்தால் போதும். இந்தக் கட்டளையின் உயிர் 6ஆம், 7ஆம் அத்தியாயங்களில் இருக்கிறது: ஆட்களின் தகைமை, இடவசதி, உபகரணம், அளவீட்டுத் தொடர்பறாமை (அளவீட்டைத் தேசிய நியமம் வரை சங்கிலியாகத் தொடர முடிதல்), முறையை வலிதாக்கல் (முறை இந்த வேலைக்குப் பொருந்தும் என்று அளந்து காட்டுதல்), மாதிரி கையாளல், பதிவு, நிச்சயமின்மை (முடிவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற ± அளவு), முடிவுகளின் செல்லுபடியைக் கண்காணித்தல். 8ஆம் அத்தியாயம் முகாமைத்துவம். கூடங்கள் அதிலிருந்து தொடங்கி அதிலேயே களைத்துப் போகின்றன.

ஆராய்ச்சிக்கு இது எங்கே கடிக்கும்? முறை மாறும்போது. திட்டத்துக்குத் திட்டம் பிரித்தெடுக்கும் கரைசலை மாற்றுவோம், புதுக் கருவி வரும், மாதிரியின் வகை மாறும். அங்கீகாரமோ உறைந்த முறையை விரும்பும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வலிதாக்கலைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். 1998 இலேயே பகுப்பாய்வு இரசாயனத் தரத்துக்கான யூராகெம், சைட்டாக் அமைப்புகள் ஆராய்ச்சிக்கும் வழமையல்லாத பகுப்பாய்வுக்குமென்று தனி வழிகாட்டி வெளியிட்டதற்கும் இதுதான் காரணம்.

இங்கே வேறு இடைஞ்சல்களும் உண்டு. ஒரே தராசில் காலையில் செய்முறை வகுப்பு, பின்னேரம் ஆராய்ச்சி. நாற்பது பிள்ளைகள் கைவைத்த தராசை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. ஒரு தராசு, ஒரு சோடிக் குழாயி, ஒரு பீஎச் மானி ஆகியவற்றைத் தனியறையில் பூட்டி, சிவப்பு ரேப் ஒட்டி "வகுப்புக்கு அல்ல" என்று எழுதிவிடுவது அங்கீகாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை. அளவுத்திருத்தம் இன்னொன்று. தேசிய அளவீட்டு நியமங்கள் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடம் இருக்கின்றன, கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் அளவுத்திருத்தம் செய்கிறது. இரண்டும் கொழும்புப் பக்கம். ஏ9 வீதியால் முந்நூறு கிலோமீற்றர் குலுங்கிப் போய்வந்த தராசின் சான்றிதழ், அனுப்புமுன் அது எப்படி இருந்தது என்பதற்குத்தான் நல்ல சாட்சி. ஆகவே தராசை அனுப்பாமல் ஆளை வரவழையுங்கள், எடைக்கற்களை மட்டும் அனுப்புங்கள். அறிவியல் நகரில் இரண்டு மூன்று கூடங்கள் ஒரே நாளைக் குறித்தால் வருகைச் செலவு பகிரப்படும்.

எந்தப் பரிசோதனையை முதலில் அங்கீகாரத்துக்குக் கொடுப்பது என்பதிலும் இடத்தைப் பார்க்க வேண்டும். நுண்ணுயிர்ப் பரிசோதனைக்குத்தான் வெளியில் கேள்வி அதிகம். ஆனால் மலக் கோலிபோம் (தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டும் பற்றீரியா) அளக்கும் அடைகாப்பி 44 பாகையில் அரைப் பாகைக்குள் 24 மணித்தியாலம் நிற்க வேண்டும். இரவில் ஒரு மணித்தியாலம் மின்சாரம் போனால் அந்தத் தொகுதி முழுவதும் கழிவு. தன்னியக்க மின்பிறப்பாக்கி இல்லாத கூடம் அதைத் தொடாமல் விடுவது நல்லது. புளோரைட்டு, மின்கடத்துதிறன், வன்மை ஆகியவை மின்வெட்டைத் தாங்கும்: மின்சாரம் வந்ததும் அரை மணித்தியாலம் கருவியைச் சூடாக விட்டு, சரிபார்ப்புக் கரைசலைத் திரும்ப அளந்து, தொடரலாம்.

நான்காவது வழி: எண்ணிலிருந்து தொடங்குவது

எமது பரிந்துரை இதுதான். 17025 இன் 6ஆம், 7ஆம் அத்தியாயங்களின் தொழில்நுட்பப் பகுதியையும், ஜிஎல்பியின் ஆய்வுத் திட்டத்தையும் மூலத் தரவு விதியையும் எடுத்து, கூடத்துக்குள்ளேயே நடத்துவது. வெளிச் சான்றிதழ் இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. பின்னொரு நாள் அங்கீகாரத்துக்குப் போக நினைத்தால் இதில் எதுவும் வீணாகாது. சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம், மேசையில் இது எப்படி நடக்கிறது என்பதைப் புளோரைட்டை வைத்தே பார்க்கலாம்.

சோடியம் புளோரைட்டை 105 முதல் 110 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தி, உலர்த்திச் சாடியில் ஆறவிட்டு, 0.2210 கிராம் நிறுத்து, ஒரு லீற்றராக்கினால் லீற்றருக்கு 100 மில்லிகிராம் கொண்ட மூலக் கரைசல். நிறுக்கும் அளவு இவ்வளவு சிறியது என்பதால் தராசில் ஒரு மில்லிகிராம் பிசகினாலே அரைச் சதவீதம் போய்விடும். தராசுக்கு மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள், நீர்மட்டக் குமிழைப் பாருங்கள், நிறுக்கு முன் 100 கிராம் எடைக்கல்லை வைத்து வாசிப்பைக் கொப்பியில் எழுதுங்கள். எஃப்1 என்ற துல்லிய வகுப்பைச் சேர்ந்த அந்தக் கல்லுக்கு அனுமதித்த வழு அரை மில்லிகிராம்தான், ஆகையால் ஆய்வுகூடத் தராசுக்கு அது போதும். கரைசலைப் பொலித்தீன் போத்தலில் வையுங்கள், கண்ணாடியில் வேண்டாம்.

இதிலிருந்து 0.2, 0.5, 1, 2, 5 என ஐந்து நியமக் கரைசல்கள். ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு மாதிரிக்கும் சம கனவளவு டிசாப் தாங்கற் கரைசல் (பீஎச்சையும் அயன் செறிவையும் எல்லாவற்றிலும் ஒரேயளவாக வைத்திருப்பது). அதைச் செய்ய 500 மில்லிலீற்றர் நீரில் 57 மில்லிலீற்றர் செறிந்த அசற்றிக் அமிலம், 58 கிராம் சோடியம் குளோரைட்டு, உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் சீடீடீஏ 4 கிராம். சோடியம் ஐதரொட்சைட்டால் பீஎச்சை 5.3 இற்கும் 5.5 இற்கும் இடையில் கொண்டுவந்து ஒரு லீற்றராக்குங்கள். சீடீடீஏயை மிச்சம் பிடிக்கிறோம் என்று விட்டுவிட்டால், அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் புளோரைட்டு மின்வாயின் கண்ணில் படாது. செம்மண் கலங்கிய கிணற்று நீரில் முடிவு குறைவாக வரும், வாசிப்பு மட்டும் மிக நிலையாக நிற்கும். நிலையாக நிற்பதால் சந்தேகமும் வராது.

வெப்பநிலை. பத்து மடங்கு செறிவு மாற்றத்துக்கு மின்வாய் 25 பாகையில் 59.2 மில்லிவோல்ற்று காட்ட வேண்டும், 33 பாகையில் 60.7. சித்திரை மாதத்தில் குளிர்சாதனமில்லாத அறை 33ஐத் தொடும். அது பரவாயில்லை. நியமக் கரைசலைக் குளிரூட்டியிலிருந்து எடுத்த உடனும், மாதிரியை அறை வெப்பத்திலும் அளப்பதுதான் ஆபத்து. எல்லாப் போத்தலையும் இரவே ஒரே மேசையில் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இதே வெப்பம் கனமானக் குடுவைகளையும் கெடுக்கும் என்று சிலர் கவலைப்படுவார்கள். 20 பாகைக்கும் 32 பாகைக்கும் இடையில் நீர் விரிவது 0.3 சதவீதம் அளவில்தான். மின்வாய் 4 சதவீதம் தள்ளாடும் இடத்தில் அதற்காக நித்திரை கெட வேண்டியதில்லை.

தரக் கட்டுப்பாடு இங்கே வருகிறது. இருபது மாதிரி கொண்ட ஒரு தொகுதிக்கு ஒரு வெற்று (மாதிரிக்குப் பதிலாக வடித்த நீர்), தொடக்கத்திலும் பத்தாவதுக்குப் பிறகும் முடிவிலும் 1.0 சரிபார்ப்புக் கரைசல், இரண்டு இரட்டை அளவீடு, ஒன்றில் தெரிந்த அளவு புளோரைட்டைச் சேர்த்து அளத்தல். மொத்தம் ஏழு கூடுதல் அளவீடு. ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றால் அரை மணித்தியாலம். சரிபார்ப்புக் கரைசலை நியமக் கரைசல் செய்த அதே மூலத்திலிருந்து செய்யக் கூடாது. வேறு கம்பனியின் சான்றளிக்கப்பட்ட கரைசல் ஒன்றை வாங்குங்கள், கூடத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மிகச் சில பொருட்களில் இது ஒன்று. இரண்டும் ஒரே போத்தலிலிருந்து வந்தால் மூலத்தை நிறுத்ததில் விட்ட பிழை இரண்டிலும் ஒரேயளவாக இருக்கும், எல்லாம் அழகாக ஒத்துப்போகும்.

சேர்த்து அளப்பதில் கணக்குப் பிழைகள் வழமை. 49 மில்லிலீற்றர் மாதிரிக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் கொண்ட கரைசலில் 1 மில்லிலீற்றர் சேர்த்தால், சேர்ந்தது லீற்றருக்கு 1.00 மில்லிகிராம். மாதிரி 0.82 ஆக இருந்தால் ஐதாக்கியபின் 0.80. அளந்தது 1.69 என்றால் மீட்பு, அதாவது சேர்த்ததில் திரும்பக் கிடைத்த பங்கு, 89 சதவீதம். 90 முதல் 110 வரை ஏற்கலாம் என்று வைத்திருந்தால் இது தோற்றது. ஐதாக்கலை மறந்து 0.82ஐயே கழித்தவருக்கு 87 வரும். தோற்றதும் செய்ய வேண்டியது புது டிசாப்பில் திரும்ப அளப்பது, அதிலும் தோற்றால் மாதிரியை இரண்டு மடங்கு ஐதாக்கி அளப்பது. ஐதாக்கியதும் மீட்பு ஏறினால் குற்றம் மாதிரியின் உள்ளடக்கத்தில் இருக்கிறது.

கட்டுப்பாட்டு வரைபடத்துக்குக் கணினி தேவையில்லை. வரைபுத்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். வெவ்வேறு நாட்களில் இருபது தரம் சரிபார்ப்புக் கரைசலை அளந்து இடையும் நியம விலகலும் எடுங்கள். இடை 1.01, நியம விலகல் 0.03 என்று வந்தால் எச்சரிக்கைக் கோடுகள் 0.95, 1.07. நிறுத்தற் கோடுகள் 0.92, 1.10. நிறுத்தற் கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால் அன்றைய முடிவுகள் எதுவும் வெளியே போகாது. ஏழு புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும், ஏதோ நகர்கிறது. இங்கே அடிக்கடி காணும் நகர்வு கீழ்நோக்கியது. மூடி தளர்ந்த நியமப் போத்தல்களில் கோடை வெக்கைக்கு நீர் ஆவியாகி, "1.0" என்று எழுதிய கரைசல் உண்மையில் 1.03 ஆகியிருக்கும். அதை வைத்து அளக்கும் மாதிரி எல்லாம் குறைந்து தெரியும். கிணற்றுக்காரருக்கு நல்ல செய்தியாகப் போய்ச் சேரும் பிழை இது.

ஆறு மாத வரைபடம் கையில் இருந்தால் நிச்சயமின்மையும் கிடைத்துவிடும். நாளுக்கு நாள் சிதறல் 0.03, மீட்புகளிலிருந்து வரும் சாய்வுக் கூறு (எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் பிழை) 0.025 என்று எடுத்தால், வர்க்கங்களைக் கூட்டி மூலமெடுக்க 0.039. இரண்டால் பெருக்க 0.08. இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டு கூடங்களையும் பாருங்கள். 0.96 ± 0.08, 1.04 ± 0.08. இரண்டும் 1.0ஐத் தமக்குள் வைத்திருக்கின்றன, ஒன்றையொன்று மறுக்கவும் இல்லை. "எல்லைக்கு அருகில், மாரிக்கு முன்னும் பின்னும் மீண்டும் அளக்கவும்" என்பதே இரண்டு கூடமும் எழுதியிருக்க வேண்டிய வாசகம்.

மண்ணுக்கு இதே வழி, இன்னும் மலிவாக. சான்றளிக்கப்பட்ட மண் விலை கூடியது, கிராம் கணக்கில்தான் வரும். நீங்களே செய்யலாம். செங்கபில மண்ணில் 25 கிலோ, முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணில் 25 கிலோ. நிழலில் காயவிட்டு, மரக்கட்டையால் உடைத்து, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, பொலித்தீன் விரிப்பில் மூலைக்கு மூலை புரட்டிக் கலந்து, 250 கிராம் போத்தல்களில் அடையுங்கள். எழுமாறாகப் பத்துப் போத்தலை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அளந்து, போத்தலுக்குப் போத்தல் வித்தியாசம் இரட்டை அளவீட்டு வித்தியாசத்தைவிடப் பெரிதில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒல்சன் பொசுபரசுக்கு (பைகாபனேற்றுக் கரைசலால் மண்ணிலிருந்து பொசுபரசைப் பிரித்து அளக்கும் முறை) ஒரு தரம் 2.5 கிராம்தான் போகும், ஆகவே பல வருடத்துக்குக் காணும். ஒவ்வொரு தொகுதியிலும் இந்த மண் ஒன்று போக வேண்டும். மார்கழியில் ஒரு பெறுமானமும் சித்திரையில் கூடிய பெறுமானமும் காட்டினால் மண் மாறவில்லை. அறை சூடேறப் பைகாபனேற்றுக் கரைசல் கூடுதலாகப் பொசுபரசை இழுக்கிறது. கரைசலைத் திறந்து வைத்ததில் பீஎச் 8.5 ஐத் தாண்டியிருக்கவும் கூடும். இரண்டு வகை மண் ஏன் என்றால், களிமண் வடிதாளில் மெல்லத்தான் இறங்கும், அதற்குள் தொடுகை நேரம் நீண்டுவிடும். செம்மண்ணை மட்டும் வைத்திருந்தால் இந்தப் பிழை பிடிபடாது.

தண்ணீர் வடிக்கும் கருவியைச் சொல்லாமல் விட முடியாது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டும் ஊரில் அதே படை வடிகருவியின் சூடாக்கியிலும் கட்டும். வடித்த நீரின் மின்கடத்துதிறனைத் தினமும் காலையில் அளந்து கதவில் தொங்கும் தாளில் எழுதுங்கள். சென்ரிமீற்றருக்கு 5 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் அது ஐஎஸ்ஓ 3696 இன் மூன்றாம் தர நீர்கூட இல்லை. படையைக் கழுவு மட்டும் வேலை நிற்கட்டும்.

மாதிரி கூடத்துக்கு வருமுன்பே கெட்டுவிட்டால் மேலே சொன்னது எதுவும் காப்பாற்றாது. நைத்திரேற்று மாதிரி ஒட்டுசுட்டானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெயிலில் மூன்று மணித்தியாலம் வந்தால் நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்திருக்கும். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி, உள்ளே ஒரு வெப்பமானி, வந்திறங்கியதும் வெப்பநிலையை வரவுப் பதிவில் எழுதுதல், 48 மணித்தியாலத்துக்குள் அளத்தல். போத்தலில் மாக்கரால் எழுதிய இலக்கம் ஐஸ் தண்ணீரில் அழிந்து, இரண்டு கிணறுகள் இடம் மாறிய கதை எந்தக் கூடத்திலும் இருக்கும். பென்சிலால் எழுதிய துண்டைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கழுத்தில் கட்டுங்கள்.

யாருக்கு எது

முழு நேரமும் ஆராய்ச்சி மட்டும் என்றால் நான்காவது வழி போதும். ஆய்விதழ் ஆசிரியர் அங்கீகார இலக்கம் கேட்கமாட்டார். வெற்று, மீட்பு, சரிபார்ப்புப் பெறுமானங்களைக் கேட்கலாம், அவை கொப்பியில் இருக்கும். வெளி மாதிரிகள் பாதிக்கு மேல் வருகின்றன, அறிக்கையை வைத்து ஒருவர் கிணற்றை மூடவோ வழக்குப் போடவோ கூடும் என்றால், புளோரைட்டு, வன்மை போன்ற இரண்டு மூன்று பரிசோதனைகளுக்கு மட்டும் 17025 அங்கீகாரம் எடுத்து, மீதியை நான்காவது வழியில் நடத்தலாம். பீடைகொல்லிப் பதிவுக்குத் தரவு கொடுக்கும் ஒப்பந்தம் வந்தாலொழிய ஜிஎல்பி வேண்டாம்.

நான்காவது வழியின் பெரிய ஓட்டை, வெளியிலிருந்து எவரும் வந்து பார்க்காதது. வரைபடத்தில் ஒரு வாரம் புள்ளி விழாவிட்டால் கேட்க ஆளில்லை, மூன்றாம் வருடத்தில் தாள் சுவரில் மஞ்சளடித்து நிற்கும். இதற்கு மாற்று, மூன்று கூடங்கள் சேர்ந்து வருடத்தில் இரண்டு தரம் மாதிரி பரிமாறுவது. கிளிநொச்சியில் ஒன்று, வவுனியாவில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று. ஒருவர் ஐந்து லீற்றர் கிணற்று நீரையும், அதில் தெரிந்த அளவு புளோரைட்டுச் சேர்த்த இன்னொன்றையும் பிரித்து இலக்கமிட்டு அனுப்பட்டும். முடிவுகள் ஒரே நாளில் திறக்கப்படட்டும். வித்தியாசம் இரு கூடங்களின் நிச்சயமின்மைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையின் மூலத்தைத் தாண்டினால், இருவரும் தத்தம் நியமக் கரைசலைப் போத்தலோடு மாற்றி அளக்க வேண்டும். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பணம் இருந்தால், ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிடும் வெளித் தகைமைச் சோதனைத் திட்டம் ஒன்றிலும் வருடத்துக்கு ஒரு தரம் சேரலாம். அதில் இசட் பெறுமானம் (உங்கள் முடிவு ஏற்கப்பட்ட பெறுமானத்திலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்பது) இரண்டுக்குள் இருந்தால் சரி, மூன்றைத் தொட்டால் அந்தப் பரிசோதனையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

மாணவர் மாற்றத்துக்கும் ஒரு விதி வேண்டும். புதிதாக வருபவர் மாதிரியைத் தொடுமுன் கூடத்து மண்ணையும் சரிபார்ப்புக் கரைசலையும் ஏழு தரம் அளந்து, இடையும் சிதறலும் சுவர் வரைபடத்தின் எல்லைக்குள் வர வேண்டும். அந்தத் தாளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையொப்பமிட்டால் அதுவே அவருடைய அனுமதிப் பத்திரம், பின்பு அங்கீகாரத்துக்குப் போனால் ஆளணித் தகைமைக்கான சான்றும் அதுதான். செய்முறைத் தாள் ஒரு பரிசோதனைக்கு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது, மேசைக்கு மேலே ஒட்டியிருக்க வேண்டும். கோப்புக்குள் இருக்கும் இருபது பக்கத்தை எவரும் வாசிப்பதில்லை.

அங்கீகாரம் கிடைக்கும் வரை வெளியே போகும் அறிக்கையில் மூன்று வரி கட்டாயம்: பயன்படுத்திய முறை, நிச்சயமின்மை, "இந்தப் பரிசோதனை அங்கீகாரம் பெற்றதல்ல" என்ற வாசகம். மூன்றாவது வரியை அச்சடிக்கத் தயங்குபவர்கள் உண்டு. இரண்டாவது வரி இருக்கும் தாளில் மூன்றாவது வரியால் பெரிதாகக் குறைந்துபோக ஒன்றுமில்லை. வாங்கிப் போகிறவரிடம் "± 0.08 என்றால் என்ன" என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.